தினமும் கடவுளோடு தனித்திருக்கும் நேரம்: கொழும்பு வாழ்க்கைக்குள் அதை எங்கே வைப்பது?

தெகிவளை வாசகி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். "தினமும் ஆண்டவருக்கு நேரம் கொடுக்க வேணும்" என்று பிரசங்கத்தில் கேட்காத விசுவாசி இல்லை. அதை எப்படிச் செய்வது என்று சொல்லித் தருகிறவர்கள்தான் குறைவு. பிள்ளைகளின் பாடசாலை வான் காலமை 6.15க்கு வாசலில் நிற்கும். வீடு இரண்டு அறைத் தொடர்மாடி, அதில் ஐந்தாறு பேர். பின்னேரம் காலி வீதி நெரிசலில் இருந்து இறங்கி வந்தால் உடம்பில் ஒன்றும் மிஞ்சாது. இப்படியான வீடுதான் கொழும்பில் அதிகம். இங்கே எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம், எதை வாசிக்கிறது, எங்கே இருந்து ஜெபிக்கிறது? கடைப்பிடிக்கக் கூடிய விவரமாக எழுதுங்கள். எந்தச் சபையாரும் எழுதலாம்.

மட்டக்குளி மூத்தவர்

தங்கச்சி, தியானம் முதல் நாள் இரவே தொடங்கிவிடுகிறது. அலாரம் அடித்த பிறகு "இன்றைக்கு எதை வாசிக்கலாம்" என்று வேதாகமத்தைப் புரட்டினால் ஐந்து நிமிஷம் அதிலேயே போகும், கடைசியில் பழகின சங்கீதம் ஒன்றில் போய் நிற்கும். படுக்கமுதல் மூன்று விஷயம் முடிவாகியிருக்க வேணும்: எந்தக் கதிரை, எந்தப் பகுதி, எத்தனை மணிக்கு முடிக்கிறது. தொடங்குகிற நேரத்தை எல்லாரும் வைப்பார்கள், முடிக்கிற நேரத்தை வைக்கிறவர் அருமை. அது இல்லாவிட்டால் மனம் கடிகாரத்தையே பார்க்கும். 5.25 வரை என்று தீர்மானித்து, 5.25க்கு அடிக்க மெல்லிய அலாரம் ஒன்றும் வைத்துவிட்டால், அதுவரை கடிகாரத்தின் பக்கம் திரும்பத் தேவையில்லை.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு 20 நிமிஷம் போதும். முதல் இரண்டு நிமிஷம் அசையாமல் இருந்து, "ஆண்டவரே, பேசும்" என்ற அளவில் ஒரு சின்ன ஜெபம். எட்டு நிமிஷம் வாசிப்பு: 15 முதல் 20 வசனம், இரண்டு தரம், இரண்டாம் தரம் வாய்விட்டு. ஏழு நிமிஷம் ஜெபம். மிச்சம் மூன்று நிமிஷம் கொப்பியில் எழுத. எழுதும்போது பக்கத்தை நிரப்ப வேண்டாம். திகதி, வசன எண், கண்ணில் பட்டது ஒரு வரி, இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒரு வரி.

ஒரு பகுதியை எடுத்துக் காட்டுகிறேன். மாற்கு 4:35-41, புயல் அடங்கின சம்பவம், ஏழே வசனம். முதல் வாசிப்பில் "இயேசு காற்றை அதட்டினார்" என்பது மட்டும்தான் நிற்கும், அது நமக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டாம் தரம் ஆறுதலாக வாசித்தால்தான் மற்றவை எழும்பி வரும். வேறு படவுகளும் அவரோடு கூடப் போயின என்று 36ஆம் வசனம் சொல்கிறது. அந்தப் படவுகளில் இருந்தவர்களுக்கும் அதே காற்றுத்தானே? 38இல் அவர் தலையணை வைத்து நித்திரை செய்கிறார். மத்தேயுவும் லூக்காவும் இதே சம்பவத்தை எழுதுகிறார்கள், தலையணையைச் சொல்வது மாற்கு மட்டும். சீஷர்கள் கேட்டதை ஒரு தரம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா." கோபமும் பயமும் கலந்த ஜெபம் அது. அவர் முதலில் எழுந்து காற்றை அதட்டினார், அதன் பிறகுதான் அவர்களுடைய அவிசுவாசத்தைப் பற்றிக் கேட்டார். அந்த ஒழுங்கைக் கவனித்தவர், "நான் இப்படிக் கேட்டால் ஆண்டவர் கோபிப்பாரோ" என்று நினைத்து அடக்கி வைத்த ஜெபத்தை அன்றைக்கே அவர் முன் வைக்கலாம். எட்டு நிமிஷத்துக்குள் இவ்வளவும் அடங்கும்.

கிருலப்பனை சகோதரன்

ஐயா சொன்ன முறையில் குறையில்லை. ஆனால் 20 நிமிஷம் என்று நாமே எல்லை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கர்த்தருக்கு நாளில் தசமபாகம் கொடுக்க வேணும், 24 மணித்தியாலத்தில் பத்தில் ஒன்று 2 மணித்தியாலம் 24 நிமிஷம் என்று எங்கள் பக்கத்துச் சபைகளில் போதிக்கிறார்கள். அதிகாலை 4 மணி ஜெபத்துக்கும் வேத ஆதாரம் இருக்கிறது. மாற்கு 1:35இல் இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போனார். சங்கீதம் 119:147இல் தாவீது அதிகாலைக்கு முந்தியே சத்தமிட்டார். பெரிய வேலை செய்த தேவ மனிதர் பலர் அதிகாலையில் எழும்பினவர்கள். 4 மணிக்குப் பிள்ளைகளும் எழும்பமாட்டார்கள், ஃபோனும் அடிக்காது. கொழும்பிலே ஒரு வீடு அமைதியாக இருக்கிற ஒரே நேரம் அதுதான்.

மட்டக்குளி மூத்தவர்

தம்பி, அதிகாலையைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். 119ஆம் சங்கீதத்தை எழுதினவர் யார் என்று அந்தச் சங்கீதத்தின் தலைப்பில் இல்லை, அது ஒரு பக்கம் இருக்கட்டும். தசமபாகக் கணக்கை மட்டும் ஏற்க முடியவில்லை. தசமபாகம் தானியத்துக்கும் கனிக்கும் மந்தைக்கும் கொடுக்கப்பட்ட கட்டளை. லேவியராகமம் 27:30-32ஐ வாசித்துப் பாருங்கள். நேரத்தைப் பத்தாகப் பிரி என்று வேதத்தில் எங்கும் இல்லை. விரும்பிக் கொடுக்கிறவர் மூன்று மணித்தியாலமும் கொடுக்கலாம். அதைக் கடனாக ஆக்கி இன்னொருவர் தலையில் வைத்தால், 40 நிமிஷம் உண்மையாக ஜெபித்த தாய் ஒருத்தி குற்றவாளியாகச் சமையலுக்குப் போவாள்.

4 மணிக்கு எழும்புகிறவர் 9.30க்குப் படுக்க வேணும். 11.30க்குப் படுத்து 4க்கு எழும்பினால் முதல் கிழமை உற்சாகத்தில் ஓடும், இரண்டாம் கிழமை முழங்காலில் நித்திரை வரும், மூன்றாம் கிழமை அலாரத்தைக் கை தானாக நிற்பாட்டும். எழும்பும் நேரத்தை ஒரேயடியாக மாற்றவும் வேண்டாம். கிழமைக்கு 15 நிமிஷம் முன்னுக்குத் தள்ளி, படுக்கிற நேரத்தையும் அதே அளவு தள்ளுங்கள். 5.30க்கு எழும்புகிறவர் 4.30க்கு வர நாலு கிழமை எடுக்கும். அப்படி வந்தது நிலைக்கும்.

கிருலப்பனை சகோதரன்

9.30க்குப் படுக்க வேணும் என்பதை ஒத்துக்கொள்கிறேன், அதை யாரும் பிரசங்கத்தில் சொல்லுவதில்லை. தசமபாகத்தைக் கட்டளை என்று அழுத்தமாட்டேன். ஆனாலும் ஐயா, 20 நிமிஷத்தில் தொடங்கினவர் 20 நிமிஷத்திலேயே காலம் முழுக்க நின்றுவிடக் கூடாது. கிழமையில் வரும் உபவாச நாளிலோ மாதத்தில் வரும் போயா (பௌர்ணமி) விடுமுறையிலோ ஒரு நாளாவது நேரம் பார்க்காமல் ஆண்டவர் பாதத்தில் இருக்கப் பழக வேணும்.

இரவுப் பணி

தாதிமாருக்கு இதில் எந்த ஒழுங்கும் பொருந்துகிறதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்தக் கிழமை காலைப் பணி, அடுத்ததாக மாலைப் பணி, இடையில் இரவு 7 மணி தொடக்கம் காலை 7 மணி வரை. ஹோட்டல், பாதுகாப்பு வேலை, துறைமுகம் என்று கொழும்பில் எத்தனை ஆயிரம் பேர் இப்படி. "அதிகாலை" என்றாலே எங்களை வெளியே விட்ட மாதிரி இருக்கிறது. இதற்கு யாராவது உண்மையாகப் பதில் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை செபக்குழு

சகோதரி, உங்கள் கேள்வி நியாயமானது. மணிக்கூட்டைப் பிடிக்காமல், தினமும் தவறாமல் நடக்கிற ஒரு செயலைப் பிடியுங்கள். எழும்பி முகம் கழுவினவுடன் என்று வைத்தால், அது காலை 5 மணியாக இருந்தாலும் பின்னேரம் 3 மணியாக இருந்தாலும் ஒன்றுதான். இரவுப் பணி முடிந்து வந்த கையோடு வாசிக்க இருக்க வேண்டாம். அந்த நேரத்தில் மூளை வாசித்ததைப் பிடிக்காது. ஒரு சங்கீதத்தைச் சொல்லி நன்றி கூறிவிட்டுப் படுங்கள், வாசிப்பை எழும்பின பிறகு வையுங்கள். வேதாகமத்தின் முதல் பக்கத்திலேயே "சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள் ஆயிற்று" என்றுதான் இருக்கிறது. நாள் சாயங்காலத்தில் தொடங்குகிறது, நித்திரை அதற்குள் முதல் பங்காக வருகிறது. ஆகவே நித்திரையைத் திருடி ஆண்டவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

எங்கள் கத்தோலிக்க மரபில் நாளைத் துண்டு துண்டாகப் பரிசுத்தப்படுத்தும் வழக்கம் உண்டு, பணிமுறையில் வேலை செய்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. காலை 6, நண்பகல் 12, மாலை 6 மணிக்கு மூவேளை செபம். ஒரு தரத்துக்கு இரண்டு நிமிஷம் போதும், வார்ட்டில் நின்றபடியே மனதுக்குள் சொல்லலாம். செபமாலையின் ஐந்து மறையுண்மைகளுக்கு 15 முதல் 20 நிமிஷம் வேணும். அவ்வளவு நேரம் கிடைக்காவிட்டால் ஒரு மறையுண்மையை, அதாவது பத்து மணிகளை மட்டும் ஆறுதலாகச் சொல்லலாம். ஐந்தையும் ஓட்டமாக முடிப்பதைவிட அது நல்லது.

படுக்கமுதல், இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் கற்றுத்தந்த ஆத்தும சோதனை, பத்து நிமிஷம். ஐந்து படி அதற்கு. கிடைத்த நன்மைகளுக்கு நன்றி, என் பாவத்தை அறியும் வெளிச்சத்தைக் கேட்டல், எழும்பின மணித்தியாலத்தில் இருந்து ஒவ்வொரு மணித்தியாலமாக நாளைத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்புக் கேட்டல், நாளைக்குத் திருத்திக்கொள்ளத் தீர்மானம். பலர் பிழைக்கிற இடம் முதல் படி. நன்றியைத் தாண்டி நேரே குற்றப் பட்டியலுக்குப் போனால் ஒரு கிழமைக்குள் மனம் கசந்து விட்டுவிடும். நன்றிக்கு மூன்று நிமிஷமாவது கொடுங்கள், பெயர் சொல்லி, பொருள் சொல்லி.

ஞாயிறு பாடசாலை ஆசிரியை

வாசிப்புத் திட்டங்களைப் பற்றி நான் எழுதுகிறேன், அதிகமானோர் விழுகிற குழி அங்கேதான் இருக்கிறது.

புரட்டஸ்தாந்து வேதாகமத்தில் 1189 அதிகாரம்: பழைய ஏற்பாடு 929, புதிய ஏற்பாடு 260. திங்கள் தொடக்கம் சனி வரை நாளுக்கு மூன்றும் ஞாயிறில் ஐந்தும் வாசித்தால் ஒரு வருஷத்தில் முடியும். இந்த வேகத்தில் ஜனவரி முதலாந் திகதி ஆதியாகமத்தில் தொடங்குகிறவர், ஜனவரி கடைசிக் கிழமையில் யாத்திராகமத்தின் ஆசரிப்புக் கூடார அளவுகளுக்குள் நிற்பார், அதைத் தாண்டினவுடன் லேவியராகமம். முழத்தையும் திரையையும் கொளுக்கியையும் தாண்டி பலி முறைகளுக்கும் குஷ்டச் சட்டங்களுக்கும் வரும்போது உற்சாகம் வற்றிவிடும். "எனக்கு விசுவாசம் இல்லைப்போல" என்று நினைப்பார்கள். திட்டம் தொடங்கின இடம் பிழை, அவ்வளவுதான்.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது புதிய ஏற்பாடு மட்டும். 260 அதிகாரம், கிழமைக்கு ஐந்து நாள், 52 கிழமை. கணக்குச் சரியாக வரும். சனியும் ஞாயிறும் விட்டதை வாசிக்கலாம், விடாதவர் சங்கீதம் வாசிக்கலாம். நீதிமொழிகள் 31 அதிகாரம், திகதிக்கு ஒன்று. சங்கீதம் 150, நாளைக்கு ஐந்து வாசித்தால் 30 நாள். 119ஐ மட்டும் தனியாக எடுங்கள்: 176 வசனம், எட்டெட்டாக 22 பகுதி.

நாளைக்கு நாலு அதிகாரம் வாசிக்கிற மெக்செயின் திட்டம் நம் வாலிபர் மத்தியில் பிரபலம். ராபர்ட் மரே மெக்செயின் ஸ்கொட்லாந்தின் டண்டி நகரப் போதகர். 1842 டிசம்பரில் தன் சபையாருக்காக அதை எழுதிக் கொடுத்தார், அடுத்த மார்ச்சில் 29 வயதில் இறந்துவிட்டார். வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒரு தரம், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தரம் முடியும். அட்டவணையைப் பகிர்கிறவர்கள் அவர் அதோடு சேர்த்து எழுதின எச்சரிக்கைகளைப் பகிர்வதில்லை. வெறும் சடங்காகிப் போகலாம், சுயநீதி வரலாம், கவனமில்லாத வாசிப்பாகலாம், சுமக்க முடியாத நுகமாகலாம் என்று அவரே நாலு ஆபத்தைச் சொன்னார். பத்து நாள் தவறினால் 40 அதிகாரம் பாக்கி. அதை ஒரு சனிக்கிழமையில் வாசித்துத் தீர்க்கப் பார்க்கிறவர் ஒன்றையும் கேட்கமாட்டார். தவறின நாட்களை விட்டுவிடுங்கள். இன்றைய திகதியைத் திறவுங்கள், இன்றைக்குரியதை வாசியுங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த மன்னாவும் அன்றன்றைக்குத்தான் பொறுக்கப்பட்டது, வைத்திருந்தது புழுத்தது.

வெள்ளவத்தை தொடர்மாடி

ஆசிரியை அக்கா சொன்ன பாக்கிக் கணக்கு பெரிய விடுதலை. ஃபோன் செயலிகள் "தொடர்ச்சியாக இத்தனை நாள்" என்று எண்ணிக் காட்டுவதும் இதே நுகம்தான். எண் அறுந்தவுடன் மனமும் அறுந்துவிடும். அந்த அறிவிப்பை நிற்பாட்டி வையுங்கள்.

இடத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று மத்தேயு 6:6 சொல்கிறது. தொடர்மாடியில் பூட்டுகிற கதவு குளியலறைக்கு மட்டும்தான். குசினி மூலை, பல்கனி, படிக்கட்டின் மேல்தட்டு, எதுவானாலும் சரி, ஆனால் தினமும் ஒரே இடம். பல்கனி என்றால் நுளம்புச் சுருளை பத்து நிமிஷம் முந்திக் கொளுத்துங்கள், இல்லாவிட்டால் முழங்காலில் இருக்கவே முடியாது. விளக்கைப் போட்டால் மற்றவர்கள் எழும்புவார்கள், அதனால் கவ்வி மாட்டுகிற சின்ன விளக்கு ஒன்று வாங்கி வேதாகமத்தில் மாட்டிவிடுங்கள். வீட்டாருக்கு ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: "இந்தக் கதிரையில் இருந்தால் 5.25 வரை கூப்பிட வேண்டாம்." பிள்ளைகள்கூட இரண்டு கிழமையில் பழகிவிடும்.

ஃபோனில் வாசிக்கிறவர்கள் முதலில் விமானப் பயன்முறையில் போடுங்கள். வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் காலை வணக்கமும் பூப்படத்தோடு வசனமும் வந்து குவியும் நேரம் அது. வந்த வசனத்துக்குக் கைகூப்பின படம் போட்டுவிட்டு அன்றைய வாசிப்பு முடிந்ததாக நினைக்கிறவர்கள் நிறையப் பேர். இதைச் சொல்ல எனக்கு மனவருத்தம்தான், ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. அச்சுப் பிரதி இல்லாதவர்கள் இலங்கை வேதாகமச் சங்கத்தில் தமிழ் வேதாகமம் வாங்கலாம். எழுத்தின் அளவைத் திறந்து பார்த்து வாங்குங்கள், அரை வெளிச்சத்தில் சின்ன எழுத்து தலைவலி தரும்.

பயண நேரத்துக்கு: 100ஆம் இலக்க பஸ்ஸிலும் 138இலும் தொங்கிக்கொண்டு வாசிக்க வராது, முயலவும் வேண்டாம். மனப்பாடத்துக்கு அது நல்ல நேரம். சங்கீதம் 121 எட்டே வசனம். நாளைக்கு ஒரு வசனம், ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிச் சட்டைப்பையில். முதல் நாள் முதலாவதை மட்டும், இரண்டாம் நாள் இரண்டாவதைப் படித்துவிட்டு முதலாவதையும் சேர்த்து. எட்டாம் நாள் முழுச் சங்கீதமும் வாயில் நிற்கும். அதன் பிறகு கிழமைக்கு ஒரு தரமாவது சொல்லாவிட்டால் மறந்துபோகும். பஸ் நேரத்தைக் காலைத் தியானத்துக்குப் பதிலாக வைக்காதீர்கள், மேலதிகமாக வையுங்கள்.

இரவுப் பணி

செபக்குழுவுக்கு நன்றி. எழும்பினவுடன் என்று வைக்கிறது செய்யக் கூடியது. இன்னும் ஒன்று. வாசிக்கிறேன், கண் வரியில் ஓடுகிறது, மனம் வேறெங்கோ. ஜெபம் தொடங்கினால் நாளைய வேலைப் பட்டியல்தான் வருகிறது. சில மாதங்களில் ஒன்றுமே உணராமல் வெறுமையாக இருக்கிறது. அதற்கு என்ன செய்வது?

மட்டக்குளி மூத்தவர்

மகள், இரண்டும் வேறு வேறு. மனம் ஓடுவதற்கு மருந்து எளியது. பக்கத்தில் ஒரு துண்டுக் கடதாசி வையுங்கள். "மின்சாரப் பில்" என்று ஞாபகம் வந்தால் ஒரு சொல் எழுதிவிட்டுத் திரும்பி வாருங்கள். எழுதினால் மனம் விட்டுவிடும், எழுதாவிட்டால் பிடித்துக்கொண்டே இருக்கும். வாய்விட்டு வாசியுங்கள். எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவை வாசித்ததைப் பிலிப்பு கேட்டாரே, அக்காலத்தில் பெரும்பாலும் சத்தமாகத்தான் வாசித்தார்கள். நித்திரை தூங்கினால் நின்று அல்லது நடந்து ஜெபியுங்கள். ஈசாக்கு சாயங்காலத்தில் வெளியிலே போய்த்தான் தியானம்பண்ணினார். கர்த்தர் கற்பித்த ஜெபத்தை எலும்புக்கூடாக வைத்து, ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஒரு நிமிஷம் நின்றால் ஏழு நிமிஷ ஜெபம் சிதறாது. ஜெபிக்க வேண்டியவர்களின் பெயர்களை ஏழு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஐம்பது பெயரைத் தினமும் ஓதினால் ஒருவருக்காகவும் ஜெபித்ததாக இராது.

வெறுமைக்கு முதலில் காரணத்தைப் பாருங்கள். மறைத்து வைத்த பாவமோ, தீராத மனக்கசப்போ இருந்தால் வாசிப்பைக் கூட்டி அதை மூட முடியாது, போய்ச் சரிசெய்ய வேணும். உடல் களைப்பு என்றால் எலியாவைப் பாருங்கள். 1 இராஜாக்கள் 19இல் "போதும் கர்த்தாவே" என்று படுத்தவனைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், தலைமாட்டில் அப்பமும் தண்ணீரும் இருந்தன, அவன் சாப்பிட்டுத் திரும்பவும் படுத்தான், இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கர்த்தருடைய மெல்லிய சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. துக்கமும் நித்திரையின்மையும் கிழமைக்கணக்காக நீண்டால் வைத்தியரிடம் போங்கள், அது அவிசுவாசம் அல்ல. இவை ஒன்றும் இல்லாமல் வெறுமை இருந்தால் நேரத்தைக் கூட்டவும் வேண்டாம், விடவும் வேண்டாம். சங்கீதம் 88ஐ உங்கள் ஜெபமாகச் சொல்லுங்கள். அது இருளில்தான் முடிகிறது, ஆனாலும் முழுக்க ஆண்டவரைப் பார்த்தே பேசுகிறது.

கொட்டாஞ்சேனை செபக்குழு

ஐயா சொன்னதோடு ஒன்று. வெறுமையான காலத்தில் தனியே வாசிக்காமல் திருச்சபையோடு வாசியுங்கள். வருகிற ஞாயிறின் நற்செய்தியைத் திங்கள் தொடக்கம் அதே பகுதியாகத் தினமும் வாசிக்கலாம். 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கீகோ சொன்ன நாலு படி இருக்கிறது: வாசித்தல், அசைபோடுதல், வேண்டுதல், அமர்ந்திருத்தல். ஆறு நாளில் அந்தப் பகுதி உள்ளே இறங்கிவிடும், ஞாயிறு திருப்பலியில் அதே வாசகத்தைக் கேட்கும்போது விளங்கும்.

தெகிவளை வாசகி

எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு கேள்வி. மாற்குவில் தொடங்கி ஒரு நாளைக்கு 15, 20 வசனம் என்றால் ஐந்தாறு கிழமையில் முடிந்துவிடும். அடுத்து எதை எடுக்கிறது?

ஞாயிறு பாடசாலை ஆசிரியை

பிலிப்பியர், நாலு அதிகாரம், அதே அளவில் ஒரு கிழமை. பிறகு ரூத்தும் 1 சாமுவேலும், கதையோட்டம் உள்ளவை, கை பிடித்துக் கொண்டுபோகும். அதன் பின் யோவான். லேவியராகமத்தைத் தொடும்போது தனியே தொடாதீர்கள். 16ஆம் அதிகாரத்தை எபிரெயர் 9, 10 அதிகாரங்களோடு சேர்த்து ஒரே கிழமையில் வாசியுங்கள், பலிபீடத்து இரத்தம் எதைக் காட்டுகிறது என்று அங்கே தெரியும். ஒரு புத்தகம் முடிகிற நாளிலேயே அடுத்ததன் முதல் பக்கத்தில் அடையாளக் கடதாசியை வைத்துவிடுங்கள். இடையில் "யோசித்துத் தொடங்குவோம்" என்று விடுகிற ஒரு கிழமையில்தான் அதிகம் பேர் நின்றுபோகிறார்கள்.